காற்று களவெடுக்கும் மண்ணை அளந்து பார்த்தோம்

சென்ற ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. விடிகாலை ஐந்து மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து புறப்பட்ட எங்கள் வான், மதவாச்சியில் தேநீருக்கு நின்று, பத்து மணியளவில் தம்புள்ளையை அடைந்தது. வானில் என்னோடு பதினொரு பெண்கள். எல்லோரும் தாமே குடும்பத்தைக் கொண்டு நடத்துபவர்கள். சிலரின் கணவன்மார் யுத்தத்தில் இறந்துவிட்டார்கள். ஒருவருடைய கணவர் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பதினொரு பேருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். கால் ஏக்கரோ ஒரு ஏக்கரோ, அவர்களிடம் ஒரு துண்டு மேட்டுக்காணி இருக்கிறது.

மாத்தளை மாவட்டத்துக்கு நாங்கள் போனது மரக்கறிச் செய்கையையும் சந்தையையும் பார்த்து வருவதற்காக. இலங்கையில் பெரிய வெங்காயம் என்றால் தம்புள்ளை, கலேவெல பக்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். 1999இல் தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் நாட்டின் மரக்கறி விலையையே தீர்மானிக்கும் இடமாக வளர்ந்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலின் கடைசியில் 'மண் இழப்பை அளத்தல்' என்று ஒரு வரி இருந்தது. அதைக் கேட்டதும் எங்கள் குழுவில் மூத்தவர் சிரித்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றே கூப்பிடுவோம்.

"பிள்ளை, உரம் என்ன விலை, வெங்காயம் என்ன விலை எண்டு பார்த்தாலும் பிரயோசனம். காத்திலை போற மண்ணை அளந்து என்னத்தைக் காணப் போறம்?"

எனக்கும் அப்போது சரியான பதில் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது சமூகவியல். குடும்பங்களைக் கணக்கெடுக்கத் தெரியும், மண்ணைக் கணக்கெடுக்கத் தெரியாது. இந்தக் கட்டுரை, அன்று பெரியக்கா கேட்ட கேள்விக்குப் பின்னர் நாங்கள் எல்லோரும் சேர்ந்து தேடிய பதில்.

கச்சான் காற்று வீசும் காலம்

தம்புள்ளைக்கும் கலேவெலவுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் வானை விட்டு இறங்கியபோது முதலில் எங்களை வரவேற்றது காற்றுத்தான். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது. வரம்புக்கு அப்பால், சிறுபோகத்துக்கென்று உழுது, தண்ணீர் போதாமல் நடாமல் விட்ட ஒரு காணி. அதன் மேலே செம்மஞ்சள் நிறத்தில் புகைபோல ஏதோ எழுந்து, எழுந்து, எங்களைத் தாண்டிப் போனது.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று வீசுகிறது. மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. சூடாக, வறண்டு, வேகமாக வருகிறது. மட்டக்களப்பில் இதைக் கச்சான் என்பார்கள். எங்கள் வன்னியில் சோளகம் என்போம். வானிலை நூல்களிலும் இது 'கச்சான்' என்ற பெயரிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தக் கிராமத்துச் சிங்களப் பெண் ஒருவர் கையைக் காற்றில் நீட்டி "கச்சான்" என்று சொன்னபோது எங்களில் ஒருவருக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

எங்களுக்கு விளக்கம் தந்தவர் தமிழ் பேசும் ஒரு பெண் விவசாயப் போதனாசிரியர். எல்லோரும் அவரை மிஸ் என்று அழைத்தோம். அவர் முதலில் ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்லிவிட்டார். மாத்தளை மாவட்டத்தில் மண்ணைக் கொண்டு போகும் பெரிய கள்ளன் மழைதான். மலைச் சரிவுகளில் ஐப்பசி முதல் தை வரை ஓடும் வெள்ளத்துக்குப் பின்புதான் காற்றுக்கு இடம். ஆனால் மழை வாய்க்கால் வெட்டிக்கொண்டு போவதால் கண்ணுக்குத் தெரிகிறது. காற்று தடயம் வைப்பதில்லை. ஆகவே தட்டையான, வறண்ட, வெறுமையாகக் கிடக்கும் காணிகளில் அது செய்யும் சேதம் பல வருடங்களாகத் தெரியாமலே போய்விடுகிறது.

காற்று புடைக்கும் சுளகு

மிஸ் எங்களை வரம்பில் குந்தியிருக்கச் சொன்னார். நிலத்தோடு கண்ணை வைத்துப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது, மண் மூன்று விதமாகப் போகிறது.

பெரிய மணல்கள் உருண்டு போகின்றன. நடுத்தர மணல்கள் தத்துவெட்டிபோலத் துள்ளித் துள்ளிப் போகின்றன. அவற்றின் பெரும்பகுதி நிலத்திலிருந்து ஓர் அடிக்கு மேலே எழும்புவதில்லை. மா போன்ற நுண்ணிய துகள்கள் மிதந்து மேலே போய்விடுகின்றன, அவை திரும்பி வருவதில்லை. துள்ளும் மணல்கள்தான் ஆபத்தானவை. ஒவ்வொன்றும் விழும் இடத்தில் வேறு துகள்களை அடித்துக் கிளப்பிவிடுகிறது. இளம் மிளகாய்க் கன்றின் தண்டில் அடித்துக் காயப்படுத்துவதும் அவைதான்.

பிரித்தானிய இராணுவப் பொறியியலாளராக இருந்த ரால்ஃப் பக்னோல்ட் என்பவர் லிபியப் பாலைவனத்தில் அலைந்தும், ஆய்வுகூடத்தில் காற்றுக் குழாய் அமைத்தும் இதை ஆராய்ந்து 1941இல் நூலாக வெளியிட்டார். அவர் கண்ட உண்மை எமக்கு மிக முக்கியமானது. மண் அசையத் தொடங்கிய பின், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் போகும் மணலின் அளவு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. அதாவது பத்து நாள் மெல்லிய காற்றைவிட ஒரு நாள் பலத்த காற்று கூடிய மண்ணைக் கொண்டு போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் சுளகில் புடைத்தால் பதர் போகும், நெல் நிற்கும். காற்று நிலத்தைப் புடைக்கும்போது இது தலைகீழாகிறது. பசளையும் உக்கலும் ஒட்டியிருக்கும் நுண்ணிய மண் பறந்துவிடுகிறது. பசளையைப் பிடித்து வைக்க முடியாத பருமணல் எங்களுக்கு மிஞ்சுகிறது. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டபோதும், 2022 நெருக்கடியில் உர விலை எட்டாத உயரத்துக்குப் போனபோதும் நாம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரம் காற்றோடு போனால் அதைக் கேட்பதற்கு ஆளில்லை.

காற்று எவ்வளவு செய்யும் என்பதற்கு எம்மவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. வடமராட்சி கிழக்கு மணற்காட்டில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் பழைய அந்தோனியார் கோயிலைப் பார்த்தவர்கள் அறிவார்கள். அமெரிக்காவில் 1930களில் புல்வெளிகளை அளவுக்கு மீறி உழுததாலும் வரட்சியாலும் மேல்மண் பெருமளவில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14ஆம் திகதி பட்டப்பகலை இருட்டாக்கிய புழுதிப்புயலால் அந்த நாளுக்கே கறுப்பு ஞாயிறு என்று பெயர் வந்தது. பெருந்தொகையான குடும்பங்கள் நிலத்தை விட்டு இடம்பெயர்ந்தன. துப்பாக்கிச் சத்தம் இல்லாமலும் இடப்பெயர்வு வரும் என்பதற்கு அது ஒரு சான்று. அதே வருடத்தில் அந்த நாடு மண்பாதுகாப்புச் சேவையைத் தொடங்கியது. 1942 வரை ஏறத்தாழ 22 கோடி மரங்களைக் காற்றுத் தடுப்பாக நட்டார்கள்.

அளப்பது எப்படி?

இனி செய்முறைக்கு வருவோம். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நாங்கள் கற்றுக்கொண்ட நான்கு முறைகளையும் கீழே தருகிறேன்.

முதலாவது, கம்பி முறை. பழைய சைக்கிள் சில்லுக் கம்பிகள் பத்து எடுங்கள். உழவு முடிந்து, மண் படிந்து இறுகிய பின் காணியின் பல இடங்களில் நட்டு, வெளியே சரியாகப் பத்து சென்ரிமீற்றர் தெரியும்படி விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்ட துணித்துண்டைக் கட்டுங்கள். மாதம் ஒரு தடவை பாடசாலை அடிமட்டத்தால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். கம்பி கூடுதலாக வெளியே தெரிந்தால் மண் போயிருக்கிறது. குறைவாகத் தெரிந்தால் அங்கே மண் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டையும் எழுத வேண்டும். போனதை மட்டும் எழுதினால் கணக்குப் பொய்யாகிவிடும்.

ஓர் உதாரணம். பத்துக் கம்பிகளில் 2, 3, 0, 1, 2, 4, 1, 0, 3 மில்லிமீற்றர் வீதம் ஒன்பதில் மண் குறைந்திருக்கிறது, ஒன்றில் 1 மில்லிமீற்றர் கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 16, கூடியது 1. மீதி 15. பத்தால் பிரித்தால் ஒன்றரை மில்லிமீற்றர்.

"ஒண்டரை மில்லிமீற்றரோ? அது ஒரு நகத்தின்ரை தடிப்புக்கூட இல்லையே" என்றார் பெரியக்கா. மிஸ் உடனே நிலத்தில் ஒரு குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் மண் என்றால் நாலு கன மீற்றர். ஒரு கன மீற்றர் மண்ணின் நிறை ஏறத்தாழ 1.3 தொன். ஆகவே ஒரு மில்லிமீற்றர் குறைந்தால் ஏக்கருக்கு ஐந்து தொன். ஐம்பது கிலோ உர மூடையில் கட்டினால் நூறு மூடை! ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் நூற்றைம்பது மூடை. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு சென்ரிமீற்றர் மேல்மண் உருவாக நூறு வருடத்துக்கு மேல் செல்லும் என்பதையும் மிஸ் சொன்னார்.

இரண்டாவது, பேணி முறை. வெறும் பால்மாப் பேணியை அதன் விளிம்பு நிலமட்டத்துக்குச் சரியாக வரும்படி புதையுங்கள். உருண்டும் துள்ளியும் போகும் மணல் அதற்குள் விழும். வாரம் ஒரு தடவை எடுத்து நிறுத்துப் பாருங்கள். காணியின் காற்று வரும் பக்க எல்லையில் ஒன்று, காற்று போகும் பக்க எல்லையில் ஒன்று என வைக்க வேண்டும். வரும் பக்கத்துப் பேணியில் விழுவது பக்கத்துக் காணியின் மண். போகும் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக விழுந்தால் அந்த மிகுதிதான் உங்கள் காணியிலிருந்து கிளம்பியது.

மூன்றாவது, போத்தல் முறை. மிதந்து போகும் புழுதியைப் பிடிப்பதற்கு இது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பிக் ஸ்பிரிங் ஆய்வு நிலையத்தில் 1980களில் ஒரு பொறி வடிவமைக்கப்பட்டது. காற்றின் பக்கம் தானே திரும்பும் சிறிய பெட்டிகளை ஒரு கம்பத்தில் வெவ்வேறு உயரங்களில் பொருத்துவார்கள். அதே யோசனையில் நாம் பிளாஸ்ரிக் போத்தல்களை ஒரு தடியில் அரை அடி, ஒன்றரை அடி, மூன்று அடி உயரங்களில் வாய் காற்றுக்கு எதிராக இருக்கும்படி கட்டலாம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போத்தலின் அடிப்பக்கத்தை வெட்டி நெருக்கமான துணியால் கட்ட வேண்டும். காற்று வெளியே போக வழி இருந்தால்தான் உள்ளே வரும். ஊருக்குத் திரும்பி நாங்கள் முதலில் கட்டிய போத்தல்களில் நான் இதை மறந்துவிட்டேன். ஒரு கிழமை கழித்துப் பார்த்தால் எல்லாம் வெறும் போத்தல். "உங்கடை காணியிலை மண்ணே போகேல்லையாம், மிஸ்" என்று என்னைக் கேலி செய்தார்கள். பிழை என்னுடையது. திருத்திக் கட்டினோம்.

நாலாவது, அரிதட்டு முறை. ஒரு கிலோ காய்ந்த மேல்மண்ணை எடுத்து, கையால் நசுக்காமல், மா அரிக்கும் அரிதட்டில் மெதுவாக அரியுங்கள். மேலே நிற்கும் சிறு கட்டிகளைக் காற்று இலகுவில் தூக்காது. கீழே விழுவது காற்றுக்குரிய பங்கு. செப்பில் என்ற மண் விஞ்ஞானி தமது ஆய்வுகளில் 0.84 மில்லிமீற்றரை இதற்கான எல்லையாக வைத்தார். எங்கள் வீட்டு அரிதட்டு அவ்வளவு துல்லியமாக இராது. ஆனால் ஒரே அரிதட்டை வைத்து இரண்டு காணிகளை ஒப்பிட அது போதும். மாட்டெரு போட்ட காணிக்கும் போடாத காணிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு முன்னே தெரியும்.

ஓர் எச்சரிக்கை. இந்த அளவீடுகள் மழை இல்லாத மாதங்களுக்குரியவை. மழை பெய்தால் தெறிக்கும் மண்ணும் வெள்ளமும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். காணிக்குள்ளேயே இடம் மாறும் மண்ணும் உண்டு. ஆகவே ஒரு கம்பி, ஒரு மாதம் என்று முடிவெடுக்காமல், ஒரு சோளக காலம் முழுவதும் எழுதி வாருங்கள்.

தாத்தா வெட்டிய கான்

மாலையில் மாத்தளை நகருக்குப் போனோம். முத்துமாரியம்மன் கோயிலடியில் பெண்கள் இறங்கிக் கும்பிட்டார்கள். எனக்கு அந்த ஊரோடு வேறொரு தொடர்பு இருக்கிறது. என் அம்மா பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1977 கலவரத்தில் லயத்தை விட்டு ஓடி வவுனியாவுக்கு வந்த குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நாம் கண்டி வீதி என்று சொல்லும் இந்தப் பாதையால்தான் அவர்களின் வாரிசுகள் நூறு வருடத்துக்குப் பின் திரும்பி வடக்கே ஓடினார்கள்.

அன்று மண்ணை அளந்த கதையைத் தொலைபேசியில் சொன்னேன். அம்மா ஆச்சரியப்படவே இல்லை.

"எங்கப்பா தோட்டத்துல கான் வெட்டுவாரு. மழ வந்தா தேயிலைக்கு நடுவுல மண்ணு கரைஞ்சு ஓடாம கான்ல தங்கணும். கான் நெறஞ்சுபோச்சுன்னா கங்காணி ஏசுவாரு. கான் நெறஞ்சது என் குத்தமா, மேல மண்ணக் கொத்திவிட்டவன் குத்தமான்னு அப்பா வீட்ல வந்து கேப்பாரு."

தாத்தா எழுத்தறியாதவர். ஆனால் கானில் எவ்வளவு மண் என்பது மேலே என்ன நடந்தது என்பதன் கணக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்தார்கள். மழையால் போகும் மண்ணைத் தொட்டியில் பிடித்து அளந்து 1980களில் இலங்கையில் வெளியான கணக்குகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. மத்திய நாட்டின் இடை வலயத்தில் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் புகையிலை நட்ட சரிவில் ஹெக்ரேயருக்கு ஆண்டுக்கு 70 தொன் மண் போனது. பலவகை மரங்களும் செடிகளும் கலந்த வீட்டுத்தோட்டத்தில் போனது 0.05 தொன் மட்டுமே. அதாவது ஐம்பது கிலோ, ஒரு உர மூடை! வரண்ட வலயத்தில் இறுங்கும் துவரையும் செய்த நிலத்தில் 21 தொன் போன இடத்தில், வைக்கோல்போல ஒரு மூடாக்குப் போட்டதும் 4 தொன்னுக்கும் குறைந்துவிட்டது.

இந்த இலக்கங்களை நான் வானில் வாசித்துக் காட்டினேன். வீட்டுத்தோட்டம் என்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. அதற்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. மண்ணைக் காப்பதில் அதற்கு ஈடாக வேறொன்றும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை அன்றுதான் பலர் முதன்முதலில் கேட்டார்கள்.

மண்ணரிப்பு இந்த நாட்டுக்குப் புதிய கவலை அல்ல. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1996இல் அது திருத்தப்பட்டது. பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது. ஆனால் சட்டமும் நிலையமும் எங்கள் வேலிக்குள் வந்து கம்பி நட்டு அளக்கப் போவதில்லை. அதை நாங்கள்தான் செய்ய வேண்டும்.

பெரியக்காவின் வேப்பமரங்கள்

பெரியக்காவின் காணி கிளிநொச்சிக்குக் கிழக்கே ஒரு ஏக்கர். மீள்குடியேறி வந்தபோது காணியின் நடுவே ஒரு மண் அணை, மூன்று பங்கர்கள். அடிமண் மேலே வந்து மேல்மண் கீழே போயிருந்தது. தென்மேற்கு எல்லையில் மட்டும் பன்னிரண்டு வேப்பமரங்கள் தப்பி நின்றன. மற்றப் பக்கமெல்லாம் வெளி.

அந்த மரங்களால் குடும்பத்தில் ஒரு பிரச்சினை இருந்தது. கணவரின் தம்பி அவற்றைத் தறித்து விற்கச் சொன்னார். "மரம் நிக்கிற இடத்திலை இன்னும் ரெண்டு வரி மிளகாய் வைக்கலாம், காசும் கையிலை வரும், மகளின்ரை படிப்புக்கு உதவும்" என்பது அவருடைய நியாயம். அதில் பிழை சொல்லவும் முடியாது. மரம் வாங்க ஆள்கூட வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. பெரியக்காவுக்கு மனமில்லை. ஆனால் மனமில்லை என்பதை ஒரு நியாயமாகச் சபையில் வைக்க முடியாது. 'பொம்பிளைக்குக் காணியைப் பற்றி என்ன தெரியும்' என்று ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள்.

மாத்தளையிலிருந்து வந்த அடுத்த நாளே அவர் நாலு பேணிகளைப் புதைத்தார். இரண்டு வேப்பமர வரிசைக்குப் பின்னால், இரண்டு மரம் இல்லாத பக்கத்தில். முதல் கிழமை ஆடு ஒன்று ஒரு பேணியை மிதித்துக் கவிழ்த்துவிட்டது. மீண்டும் வைத்தார். நாலு கிழமை தொடர்ந்து, பேத்தியின் பழைய கணிதக் கொப்பியில் திகதி போட்டு எழுதினார். மரங்களுக்குப் பின்னால் இருந்த பேணிகளின் அடியில் ஒரு தேக்கரண்டி அளவு மண். வெளிப்பக்கத்துப் பேணிகள் ஒவ்வொரு கிழமையும் அரைவாசிக்கு மேல் நிரம்பின.

இதற்குக் காரணம் உண்டு. ஒரு மர வரிசை தன் உயரத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைக்கும். பதினைந்து அடி மரம் நூற்றைம்பது அடி நிலத்தைக் காக்கும். மதில்போல அடைத்து நிற்கவும் கூடாது. அடைத்த மதிலைத் தாண்டும் காற்று அப்பால் சுழன்று விழுந்து மண்ணைக் கிளப்பும். பாதி காற்றை விட்டுப் பாதியை மறிக்கும் வேலிதான் நல்லது. எங்கள் பழைய கிளுவை வேலியும் பூவரசு வேலியும் அப்படித்தான் இருந்தன. யுத்தம் எங்களிடமிருந்து எடுத்த பலவற்றில் அந்த உயிர்வேலிகளும் அடங்கும். கம்பி வேலி எல்லையைக் காட்டும், காற்றைத் தடுக்காது.

பெரியக்கா நாலு பேணிகளையும் கொப்பியையும் திண்ணையில் வைத்துவிட்டு மைத்துனரைக் கூப்பிட்டார். வாதம் செய்யவில்லை. "நீயே பார்" என்று மட்டும் சொன்னாராம். அவர் கன நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். மரங்கள் நிற்கின்றன. கொப்புகளை மட்டும் தறித்து விறகாக விற்று, குழையை மண்ணில் தாட்டிருக்கிறார்கள். மைத்துனர் இன்னும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அந்த விலையையும் பெரியக்கா கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். மரத்தை விற்றிருந்தால் வந்திருக்கக்கூடிய காசு இன்னும் தேவையாகத்தான் இருக்கிறது. இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

நாம் செய்யக்கூடியவை

அளந்த பிறகு என்ன செய்யலாம்? காற்றரிப்பைக் கணிக்க 1965இல் உருவான சமன்பாடு ஐந்து விடயங்களைக் கேட்கிறது. அவற்றை எமது மொழியில் ஐந்து கேள்விகளாக்கிக்கொள்ளலாம்.

மண் கட்டியாக இருக்கிறதா, மாவாக இருக்கிறதா? மாட்டெரு, கூட்டெரு, சணல் விதைத்து உழுதல் என்பன மண்ணைக் கட்டியாக்கும்.

நிலம் தட்டையாக இருக்கிறதா, கரடாக இருக்கிறதா? சோளக காலத்தில் மாவாக உழாதீர்கள். காற்றுக்குக் குறுக்கே வரம்பு கட்டுங்கள்.

நிலத்தில் ஈரம் இருக்கிறதா? சிறிது தண்ணீர் தெளித்தாலும் மண் ஒட்டிக்கொள்ளும். மூடாக்கு அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

காற்று தடையின்றி எவ்வளவு தூரம் ஓடுகிறது? நீண்ட வெளியாக விடாமல் இடையிடையே இறுங்கு, சோளம், துவரை போன்ற உயர்ந்த பயிர் வரிசைகளை வையுங்கள்.

நிலம் மூடியிருக்கிறதா? அறுவடை முடிந்த தாளை எரிக்காதீர்கள், பிடுங்கி எறியவும் வேண்டாம். நிற்கும் தாள் கிடக்கும் தாளைவிடக் காற்றை நன்றாகத் தடுக்கும்.

இவற்றில் பணம் தேவைப்படுபவை குறைவு. பெண்களின் நேரமும் உடலுழைப்பும் தேவைப்படுபவை அதிகம் என்பதை நான் அறிவேன். அதனால்தான் நாங்கள் ஐந்து பேர், ஆறு பேராகச் சேர்ந்து ஒருவருடைய காணியில் ஒரு நாள் என்று கைமாற்றாக வேலை செய்கிறோம். கிளுவைக் கதியால்களையும் அப்படித்தான் மழை தொடங்க நட்டோம்.

எங்கள் கணக்கு

அந்தக் கலேவெலப் பக்கத்துப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் புறப்படும்போது அவர் எங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் ஏதோ சொன்னார். மிஸ் மொழிபெயர்த்தார். 1989இல் அவருடைய அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. 1971இலும் 1987 முதல் 1989 வரையும் கிளர்ச்சிகளிலும் அவற்றை அடக்கியதிலும் மாத்தளை மாவட்டம் பிள்ளைகளை இழந்தது என்பது எங்களில் பலருக்கு அன்றுவரை தெரியாது. வானில் கொஞ்ச தூரம் ஒருவரும் பேசவில்லை.

கணவரைப் பற்றிப் பதில் கிடைக்காமல் இருக்கும் சகோதரி சென்ற மாதக் கூட்டத்துக்குத் தன் கொப்பியைக் கொண்டு வந்திருந்தார். பத்துக் கம்பிகள், நாலு மாதங்கள், நாற்பது இலக்கங்கள். ஓர் இலக்கம்கூட விடுபடவில்லை. நான் பாராட்டினேன். அவர் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கடை இழப்பை எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போட்டினம். எழுதினது எங்கை எண்டு தெரியாது. நானே அளந்து, நானே எழுதி, நானே வைச்சிருக்கிற கணக்கு இது ஒண்டுதான்."

மாத்தளைக்குப் போகும் வழியில் பெரியக்கா கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

அன்பான சகோதரிகளே, அடுத்த சோளகம் தொடங்குவதற்கு முன் பத்துச் சைக்கிள் கம்பிகளையும் இரண்டு பேணிகளையும் தேடி வையுங்கள். பிள்ளைகளின் பழைய கொப்பியில் வெறும் தாள்கள் இருக்கும். முதல் பக்கத்தில் திகதியையும் காணியின் பெயரையும் எழுதித் தொடங்குங்கள். அளவு எடுக்கும்போது ஒரு பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண் நாளை அவர்களுடையது.